ஒட்டுப்போடாமல் ஒரே இழுப்பில் கோடு வரையப் பழகுவது எப்படி?

கேள்வி: கணக்கர்_கோவை

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வயது முப்பத்தாறு. பள்ளிப் பருவத்தில் ஓவியத்தில் ஆர்வம் இருந்தது. எட்டாம் வகுப்போடு அது நின்றுபோயிற்று. சென்ற தீபாவளிக்குப் பிறகு மீண்டும் தொடங்கினேன். ஏறத்தாழ ஒன்பது மாதங்களாக, ஞாயிறு தவிர மற்ற நாள்களில், இரவு உணவு முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே அரை மணி நேரமாவது வரைகிறேன்.

எதை வரைந்தாலும் ஒரு கோட்டை ஒரே இழுப்பில் இழுக்க என்னால் முடியவில்லை. ஒரு சொம்பின் ஓரத்தை வரைய வேண்டுமென்றால், அரை அங்குலம் இழுத்து, கையை எடுத்து, அதன்மேலேயே மீண்டும் அரை அங்குலம் இழுத்து, இப்படி ஒட்டுப்போட்டுக்கொண்டே போகிறேன். தள்ளி வைத்துப் பார்த்தால் சொம்பு சொம்பாகத்தான் இருக்கிறது. கிட்டப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை போல் இருக்கிறது. மெதுவாக, கவனமாக ஒரே கோடாக இழுக்க முயன்றால் கோடு நடுங்குகிறது. வேகமாக இழுத்தால் நடுக்கம் போய்விடுகிறது, ஆனால் கோடு நினைத்த இடத்தில் முடிவதில்லை.

இதற்காக ஒரு நூறு பக்க நோட்டு முழுவதும் இணைகோடுகளாகவே போட்டு நிரப்பினேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எது முதலில் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. வரைந்தவற்றைப் படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் கைதட்டும் பொம்மைகள் வருகின்றன. ஒரே ஒருவர் மட்டும் ‘கோட்டில் உயிர் இல்லை’ என்றார். உயிர் எங்கே விற்கிறது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். முதலாவது, கோட்டின் தரத்தை உயர்த்த எந்தப் பயிற்சியை, எவ்வளவு நேரம், எப்படிச் செய்ய வேண்டும்? இரண்டாவது, பயனுள்ள கருத்தைப் பிறரிடமிருந்து பெறுவது எப்படி? நான் பயன்படுத்துவது எச்பி பென்சிலும் ரப்பரும்தான்.

மறுமொழி: மசிக்கூடு

வணக்கம். சிறுவர் இதழ்களுக்குப் பதினொரு ஆண்டுகளாகப் படம் வரைந்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கையில் தனிக்குறை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மெதுவாகப் போனால் நடுங்குகிறது, வேகமாகப் போனால் தடம் மாறுகிறது என்று நீங்கள் எழுதியது எல்லாக் கைகளுக்கும் பொதுவான இயல்பு.

அமெரிக்க உளவியலாளர் உட்வொர்த் 1899-இல் இதையே ஆராய்ந்து எழுதினார். பென்சிலால் முன்னும் பின்னும் கோடு இழுக்கச் சொல்லி, சீராகத் தட்டும் தாளக்கருவியை (மெட்ரோனோம்) கொண்டு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், கண்ணைத் திறந்தும் மூடியும் செய்யவைத்து, பிழையை அளந்தார். மெதுவான இழுப்பில் கண் பெரிதும் துணைசெய்தது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும், கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவாகிவிட்டது. ஆகவே கையசைவில் இரண்டு பகுதிகள் உண்டு என்றார்: தொடக்கத்தில் கொடுக்கும் உந்துதல் ஒன்று, போகிற வழியில் கண் செய்யும் திருத்தம் மற்றொன்று.

நீங்கள் மெதுவாக இழுக்கும்போது கண் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தம் கைக்கு வந்து சேர்வதற்குள் பென்சில் முனை சிறிது தூரம் கடந்துவிடுகிறது. உடனே மறுபக்கத்துக்கு இன்னொரு திருத்தம். தாளில் அலைபோலத் தெரிவது இந்தத் திருத்தங்களின் தடம்தான். இதனோடு, நலமாக உள்ள எவருடைய கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை ஒரு நுண்ணிய அதிர்வு இயல்பாகவே உண்டு. பத்து சென்டிமீட்டரை ஐந்து நொடியில் கடக்கும் கோடு அந்த அதிர்வை ஒன்றுவிடாமல் பதிவுசெய்யும்; அரை நொடியில் கடக்கும் கோடு ஏறக்குறைய முழுவதையும் விழுங்கிவிடும். இரவில் காப்பி குடித்துவிட்டு வரைய உட்கார்ந்தால் அதிர்வு சற்றுக் கூடவும் கூடும் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

எனவே, திருத்தத்தைக் கோட்டுக்குள் செய்யாமல், கோட்டுக்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும். இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் ஒத்திகை. தொடக்கத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி வையுங்கள். தாளைத் திருப்பி, கைக்கு வசதியான திசையில் கோடு அமையும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ள பலருக்கு இடமிருந்து வலமாகச் சற்று மேல்நோக்கிப் போகும் திசை எளிதாக இருக்கும். பேனா தாளில் படாமல், தாளுக்கு மேலே மயிரிழை உயரத்தில், முதல் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளிக்கு நான்கைந்து முறை ஓட்டிப் பாருங்கள். கை அந்தப் பாதையில் தானாகவே ஓடுகிறது என்று தோன்றும்போது, அதே வேகத்தில், அதே அசைவில் பேனாவை இறக்கி இழுத்துவிடுங்கள். பேனா தாளைத் தொட்ட பிறகு எதையும் திருத்தக் கூடாது. கோடு தவறான இடத்துக்குப் போகிறது என்று நடுவழியில் தெரிந்தாலும், தவறாகவே போய் முடியட்டும். அந்தப் பிழைதான் அடுத்த கோட்டுக்கு வேண்டிய தகவல்.

உங்கள் நூறு பக்க நோட்டு ஏன் பயன் தரவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். அந்தக் கோடுகளுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. குறி வைக்காமல் எய்த அம்பு தவறியது என்று யாரால் சொல்ல முடியும்? தவறியது தெரியாத கை எதைக் கற்றுக்கொள்ளும்?

அடுத்தது மூட்டு. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு இழுத்தால், அதை மையமாகக் கொண்ட சிறிய வில்தான் வரும்; ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் எட்டாது. நீங்கள் அரை அங்குலத்துக்கு ஒருமுறை கையை எடுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீண்ட கோடுகளுக்கு மணிக்கட்டை அசையாமல் வைத்து, முழங்கையையும் தோளையும் அசையவிடுங்கள். சுண்டுவிரலின் ஓரம் தாளை உரசிக்கொண்டு போகலாம், ஊன்றக் கூடாது. முதல் இரண்டு வாரங்கள் கோடு இப்போதுள்ளதைவிட மோசமாகவே வரும். கண்ணிமை, பொத்தான், எழுத்து போன்ற சிறியவற்றுக்கு விரலும் மணிக்கட்டுமே போதும். எல்லாவற்றையும் தோளால்தான் வரைய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை நான் பின்பற்றுவதில்லை.

பயிற்சியாக மூன்றைச் சொல்கிறேன். அளவுகோலால் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேலேயே எட்டு முறை கையால் இழுங்கள். ஈர்க்குமாறு போல ஒரு முனை கட்டியும் மறு முனை விரிந்தும் இருந்தால் கவலையில்லை. நாளடைவில் விரிவு குறையும். இரண்டு முனைகளும் விரிந்திருந்தால், ஒவ்வொரு முறையும் பேனாவைத் தொடக்கப் புள்ளியில் நிதானமாக வைக்காமல் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். இரண்டாவது, மேலே சொன்ன புள்ளிக்குப் புள்ளி ஒத்திகைக் கோடுகள், பக்கத்துக்கு நாற்பது.

மூன்றாவது பெட்டிகள். ஒரு பக்கத்தில் ஐந்து பெட்டிகளை வெவ்வேறு கோணங்களில் கோடுகளாக வரையுங்கள், மறைந்திருக்கும் விளிம்புகளையும் சேர்த்து. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு விளிம்புகள். நான்கு நான்காக மூன்று கூட்டங்கள். வரைந்து முடித்த பிறகு சிவப்புப் பேனாவும் அளவுகோலும் எடுத்து, ஒவ்வொரு கூட்டத்தின் நான்கு விளிம்புகளையும் பின்பக்கமாக நீட்டுங்கள். பெர்ஸ்பெக்டிவ், அதாவது தொலைவுக்கேற்பப் பொருள் சிறுத்துத் தோன்றும் முறை, சரியாக இருந்தால் நான்கும் ஓரிடத்தை நோக்கி நெருங்கும்; எந்தக் கோடு கூட்டத்தை விட்டு விலகி ஓடுகிறது என்பதை அந்தச் சிவப்புக் கோடே காட்டிவிடும். நேர்மையான ஆசிரியர் கிடைக்காத ஊரில் எனக்குக் கிடைத்த நேர்மையான ஆசிரியர் அந்தச் சிவப்புப் பேனாதான்.

ரப்பரை எட்டு வாரங்களுக்கு மேசையிலிருந்து அகற்றிவிடுங்கள். பென்சிலுக்குப் பதிலாக மை ஊறும் நுண்முனைப் பேனா ஒன்று வாங்குங்கள். மைக்ரான் பேனாவில் 05 என்று எண்ணிட்டது 0.45 மில்லிமீட்டர் கோடு போடும், அது போதும். விலை அதிகம் என்று தோன்றினால் சாதாரண பால்பாயின்ட் பேனாவே நன்று, அவ்வப்போது முனையில் சேரும் மைக்கட்டியைத் துடைத்துக்கொண்டால் சரி. தாளுக்குச் செலவழிக்காதீர்கள். நகலெடுக்கும் கடையில் கிடைக்கும் ஏ4 கட்டு போதுமானது. விலையுயர்ந்த தாளில் கை தயங்கும்.

மறுமொழி: சுவரெழுத்து_மதுரை

மசிக்கூடு அவர்கள் எழுதியதைப் படித்தேன். பெரும்பாலும் உடன்படுகிறேன். வேகம் பற்றி மட்டும் என் அனுபவம் வேறாக இருப்பதால் அதைப் பதிவுசெய்கிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் சுவரிலும் தகரப் பலகையிலும் எழுதியவன். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. இப்போது லாரிகளுக்கும், சில பழைய கடைக்காரர்களுக்கும் மட்டும் எழுதுகிறேன். என் ஆசான் என்னைச் சேர்த்துக்கொண்டதும் முதல் மாதம் முழுவதும் ‘ட’வும் ‘ப’வும் தவிர வேறு எதையும் எழுத விடவில்லை. அந்த இரண்டு எழுத்துகளிலும் இருப்பவை நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் மட்டுமே. அவை வந்த பிறகுதான் ‘ம’; சுழியும் வளைவும் நிறைந்த ‘ழ’வுக்கும் ‘ஞ’வுக்கும் வந்து சேர ஆறு மாதம் ஆயிற்று.

எங்கள் தொழிலில் வேகமாக இழுத்தால் பெயின்ட் திப்பிதிப்பியாக நிற்கும். ஆகவே மெதுவாகத்தான் இழுக்கிறோம், நடுக்கமும் வருவதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, தூரிகையின் மயிர் நீளம். நீண்ட மயிர் கைக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வருவதால், கை சற்று அதிர்ந்தாலும் அந்த அதிர்வு நுனிவரை போய்ச் சேராமல் நடுவிலேயே அடங்கிவிடுகிறது. பேனா முனைக்கு அந்த வசதி கிடையாது. மற்றொன்று, தாங்கல். இடக்கையைச் சுவரில் வைத்து அதன்மேல் வலக்கையை வைத்துக்கொள்வோம், அல்லது நுனியில் துணி சுற்றிய கோல் ஒன்றைச் சாய்வாகப் பிடித்து அதன்மேல் கையை ஓட்டுவோம். ஆறடி நீளக் கோடு என்றால் கை மட்டும் போகாது. கால்களைச் சற்று அகட்டி நின்று, உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது தோளும் சேர்ந்து நகரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் தூரிகையின் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆசான் தலையில் தட்டி, ‘போய்ச் சேருகிற இடத்தைப் பார்’ என்பார். சைக்கிள் ஓட்டுபவர் முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும். நேர்கோடு மிகவும் தேவைப்படும் இடத்தில் சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டி, அடையாளம் போட்டுக்கொள்வோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த அடையாளத்தின் மேலேயும் தூரிகையைக் கைதான் இழுக்க வேண்டியிருக்கிறது.

மறுமொழி: மசிக்கூடு

ஐயா, திருத்தத்துக்கு நன்றி. ‘வேகம்’ என்று நான் எழுதியது முழு உண்மை ஆகாது. கோட்டின் நீளத்துக்கும் கருவிக்கும் ஏற்ற, நடுவில் மாறாத வேகம் என்று எழுதியிருக்க வேண்டும். தாங்கல் இல்லாத கையும் விறைப்பான பேனா முனையும் உள்ள இடத்தில் அந்த வேகம் சற்றுக் கூடுதலாக அமைகிறது. நீண்ட தூரிகையும் கோலும் உள்ள இடத்தில் குறைவாக அமைகிறது. இரண்டிலும் நடுவழித் தயக்கம்தான் கோட்டைக் கெடுக்கிறது.

மறுமொழி: கம்பிக்கோலம்

நான் ஓவியர் இல்லை. திருவையாற்றுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மார்கழியில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போடும்போது என் கை நடுங்குவதே இல்லை. அதையே தாளில் வரைந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தபோது கண்ணராவியாக வந்தது. பல நாள் புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன். தரையில் குனிந்து போடும்போது கை எதன்மேலும் ஊன்றியிருப்பதில்லை, தோளிலிருந்து தொங்குகிறது. கண்ணும் மாவு விழும் இடத்தைப் பார்க்காமல் அடுத்த புள்ளியைத்தான் பார்க்கிறது. கையை நிறுத்தினால் அந்த இடத்தில் மாவு குவிந்துவிடும் என்பதால் நிறுத்தவும் முடியாது. மேசையில் உட்கார்ந்தபோது மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, தானியத்தைப் பொறுக்குவதுபோல் வரைந்திருக்கிறேன். பெரிய சார்ட் தாளைத் தரையில் விரித்து மார்க்கர் பேனாவால் நின்றபடி போட்டேன், கோலம் வந்தது. அதன் பிறகு தாளைச் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் வரையும் தம்பிக்கு இது உதவலாம்.

மறுமொழி: கணக்கர்_கோவை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நாள்தோறும் இருபது நிமிடம் பயிற்சி செய்தேன். கணக்கர் என்பதால் எண்ணிக்கை எழுதும் பழக்கத்தை விட முடியவில்லை. நாற்பது கோடுகள் கொண்ட முதல் பக்கத்தில் இரண்டாம் புள்ளியில் சரியாக முடிந்தவை ஒன்பது; நேற்றைய பக்கத்தில் இருபத்தொன்று. நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. அக்கா சொன்னபடி முதல் வாரம் தரையில் சார்ட் தாள் விரித்துத்தான் செய்தேன். முதுகு வலித்தாலும் தோள் அசைவு என்ன என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

மூன்று ஐயங்கள் எழுகின்றன. ஒன்று, என் நேர்கோடுகள் எல்லாம் நடுவில் மேல்நோக்கி வில்லாக வளைகின்றன. ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாக. இரண்டு, சொம்பின் வாய்க்கு வரையும் நீள்வட்டம் இரண்டு ஓரங்களிலும் கூராகி, கண் வரைந்ததுபோல் ஆகிறது. மூன்று, என் முதல் கேள்வியின் பின்பாதி: கருத்துக் கேட்பது எப்படி?

மறுமொழி: மாதிரிப்படம்

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அரசு தொழில்நுட்பத் தேர்வின் ஓவியப் பிரிவுகளுக்குப் பல ஆண்டுகள் மாணவர்களைப் பயிற்றுவித்தவன். தங்கள் மூன்று ஐயங்களையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிழை ஒரே பக்கமாக வருவது நல்ல செய்தி. அங்குமிங்கும் சிதறும் பிழைக்குக் காரணம் தேடுவது கடினம். ஒரே பக்கம் சாயும் பிழைக்கு ஒரே காரணம்தான் இருக்கும். தங்கள் முழங்கை மேசையில் ஊன்றியிருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஊன்றிய முழங்கையை மையமாக வைத்து முன்கை சுழலும்போது, வட்டத்தின் ஒரு துண்டுதான் வரும். முழங்கையை மேசையின் விளிம்புக்கு வெளியே வைத்துப் பாருங்கள். அப்படியும் வளைந்தால், மறுபக்கம் சற்றே தொய்வாக இழுப்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டு ஒத்திகை பாருங்கள்; பத்துப் பதினைந்து கோடுகளில் நடுநிலை கிடைத்துவிடும். இன்னொன்று, இருபத்தொன்று என்ற எண்ணிக்கையில் மகிழ்ச்சி கொள்ளுங்கள், ஆனால் அதையே துரத்த வேண்டாம். கோடு முதலில் தயக்கமில்லாமல் இருக்க வேண்டும், அடுத்துத் திசை மாறாமல் இருக்க வேண்டும், புள்ளியில் நிற்பது அதற்கும் பிறகுதான். புள்ளியில் நிறுத்தவேண்டி முனைக்கு அருகில் வேகத்தைக் குறைத்தீர்களானால், போன நடுக்கம் கோட்டின் வாலில் திரும்பி வரும். வேகத்தைக் குறைக்காமல், புள்ளி வந்ததும் பேனாவை மேலே எடுத்துவிடுங்கள்.

நீள்வட்டம் பற்றி. எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தாலும் அதன் ஓரங்களில் கூர்முனை கிடையாது. அங்கேயும் அது வளைந்துதான் திரும்புகிறது. கூர் விழுவதற்குக் காரணம், தாங்கள் மேல்வளைவை ஒரு கோடாகவும் கீழ்வளைவை மற்றொரு கோடாகவும் வரைந்து இரண்டையும் ஓரத்தில் முட்டவைப்பது. காற்றில் பலமுறை சுற்றிவிட்டு, கையை நிறுத்தாமல் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். முதலில் சதுரமல்லாத நாற்கரங்களை வரைந்து, அவற்றின் நான்கு பக்கங்களையும் தொடும்படி உள்ளே நீள்வட்டம் போட்டுப் பழகினால், குறி வைத்த பயிற்சியாக அது அமையும்.

சொம்புக்கு இன்னும் ஒரு செய்தி வேண்டும். முதலில் நடுவே ஓர் அச்சுக்கோட்டை நிறுத்துங்கள். நேராக நிற்கும் சொம்பின் வாய், கழுத்து, வயிறு, அடி ஆகிய எல்லா நீள்வட்டங்களின் குறுகிய விட்டமும் அந்த அச்சின்மேல்தான் அமையும். கண்மட்டத்துக்குக் கீழே உள்ள சொம்பில், கண்மட்டத்துக்கு நெருங்கிய வாய் ஒடுங்கியும், தொலைவில் உள்ள அடி அகன்றும் தோன்றும். மாணவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக, வாயை நன்றாகத் திறந்தும் அடியைத் தட்டையான கோடாகவும் வரைவார்கள். சொம்பு தரையில் உட்காருகிறது என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிடுகிறது.

இனிக் கருத்துக் கேட்பது. தாங்கள் முதலில் அனுப்பிய குழுவினரை நான் குறைசொல்ல மாட்டேன். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்பதுதான் பண்புள்ளவர்கள் தரும் விடை. கேள்வியைக் குறுக்குங்கள். ‘இடப்பக்கத் தோள்வளைவு வலப்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா?’, ‘எந்த நீள்வட்டம் அச்சிலிருந்து சாய்ந்திருக்கிறது?’ என்று கேட்டால், ஓவியம் அறியாதவர்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார். முடிந்த படத்தை மட்டும் அனுப்பாமல், அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தக் கோட்டை முதலில் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர்மேலே கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுங்கள். சாய்வாக எடுத்தால் சரியான நீள்வட்டமும் பிழையாகத் தெரியும். ஆவணங்களை வெளுக்கச் செய்யும் ஸ்கேன் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை மெல்லிய கோட்டைத் தடிப்பாக்கி, நடுக்கத்தையும் அழுத்த வேறுபாட்டையும் மறைத்துவிடுகின்றன. ஐபேடில் வரைபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில், கோட்டின் நடுக்கத்தைத் தானே சீராக்கும் ஸ்ட்ரீம்லைன் வசதியைக் கூட்டிவைத்துப் பயிற்சி செய்தால் செயலிதான் தேர்ச்சி பெறும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கிருந்த ஆசிரியர் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி என் படத்தின்மேலேயே திருத்துவார். படம் அழகாகிவிடும், வீட்டில் பாராட்டுவார்கள். எங்கே தவறினேன் என்ற தடயம் மட்டும் அவருடைய கோட்டுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் நான் ஆசிரியரான பின் மாணவரின் தாளைத் தொட்டதே இல்லை. அடியில் உள்ளது தெரியும் எண்ணெய்த் தாளை மேலே விரித்து, அதில்தான் திருத்தம் போடுவேன். மாணவர் அந்தத் தாளைத் தூக்கியும் இறக்கியும் தம் கோட்டையும் என் கோட்டையும் ஒப்பிடலாம். தங்களுக்குக் கருத்துச் சொல்பவரிடமும் இப்படிக் கேட்டுப் பெறுங்கள். ஒருமுறை பெற்ற கருத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உழைத்துவிட்டு, பிறகு மீண்டும் காட்டுங்கள். நாள்தோறும் காட்டுவதால் பாராட்டுக்காக வரையும் பழக்கம்தான் வளரும்.

‘கோட்டில் உயிர் இல்லை’ என்றவரின் சொல்லையும் முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். அவர் கண்டதைச் சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கலாம். எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் இருந்தால் உருவம் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகத் தோன்றும். வெளிச்சம் படும் பக்கத்தில் மெல்லியதாகவும், நிழல் பக்கத்திலும் ஒன்றின்மேல் ஒன்று மறைக்கும் இடங்களிலும் சற்றுத் தடிப்பாகவும் கோடு இருக்கலாம். ஆனால் இது நடுக்கம் நீங்கிய பிறகு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். அந்த நிலைக்கு வரும்போது இருவரின் கோடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஓவியர் சில்பி ஆனந்த விகடனில் வரைந்த கோயில் சிற்பங்களில் கல்லின் மழமழப்பையும் அணிகலனின் நுணுக்கத்தையும் பொறுமையான நுண்கோடுகளால் காட்டியிருப்பார். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களிலோ, ஓடும் கோடும் முறியும் கோடும் தெறிக்கும் கோடுமாக ஒரு மனிதரின் உடலும் நடையும் எழுந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து எழுத வேண்டும் என்பதில்லை. ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே கையை எடுத்திருக்கிறார்கள் என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது ஓவியர் கோபுலு இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார் என்பதையும் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. கோடு விரலில்தான் இருக்கிறது என்று நம்பும் பிள்ளைகளுக்கு அது வியப்பாக இருக்கும்.

மறுமொழி: நீர்க்காகம்

எல்லோரும் பயிற்சியைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஆகவே ஒரு மாற்றுக் குரல். நான் ஆறு மாதம் பெட்டிகளும் நீள்வட்டங்களும் மட்டுமே போட்டேன். பெட்டிகள் மிக அழகாக வந்தன. ஒரு நாள் வீட்டுப் பூனையை வரைய உட்கார்ந்தபோது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வெற்றுத்தாளோடு எழுந்துவிட்டேன். இப்போது இருபது நிமிடம் பயிற்சி செய்தால், அதற்குக் குறையாத நேரம் மனம் போனதை, மோசமாகவே ஆனாலும், வரைகிறேன். பயிற்சியைப் பொறுத்தும், ஒரே நாளில் மூன்று மணி நேரம் செய்வதைவிட வாரத்தில் பல நாள்களுக்குப் பிரித்துச் செய்வதே எனக்குப் பலன் தந்தது. கை களைத்த பிறகு போடும் கோடுகள் களைப்பைத்தான் பழக்கப்படுத்துகின்றன.

மறுமொழி: கணக்கர்_கோவை

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. முழங்கை மேசையில்தான் இருந்திருக்கிறது. நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளி உட்கார்ந்ததும் வில் பாதியாகக் குறைந்துவிட்டது. சொம்பை மேசைமேல் வைத்து அச்சுக்கோடு நிறுத்தி வரைந்தேன். என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தபோது பதினான்கில் பதினொன்றில் அடி தட்டையாக இருக்கிறது. நீர்க்காகம் அவர்கள் சொன்னபடி, நேரத்தின் மறுபாதியில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையின் பாய்லரை வரையத் தொடங்கியிருக்கிறேன். ஒரே பொருளில் ஐந்து நீள்வட்டங்கள் இருக்கின்றன. இவ்விழையில் இன்று ஒரே ஒரு கேள்வியோடு அந்தப் படத்தை இணைக்கிறேன்: மேலிருந்து மூன்றாவது நீள்வட்டம் அச்சிலிருந்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, அல்லது கடைக்காரர் பாய்லரையே சாய்த்து வைத்திருக்கிறாரா?